டப்பாவைத் திருப்பிப் பாருங்க

கடுப்புலதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத கடுப்பு போயி பாசம் வந்துருச்சு. அதனால நீளமாயிருச்சு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

விஷயம் இதுதான். அக்கா பையன் முதல் போனஸ் வாங்கியிருக்கான். "மாமா, வீட்டுக்கு நல்லதா ஒரு மியூசிக் சிஸ்டம் வாங்கணும், கூட வாங்க"ன்னான். எனக்கு இதைவிட சந்தோஷமான அழைப்பு வேற கிடையாது. பெங்களூரு லிங்கராஜபுரத்துலேர்ந்து ரெண்டு பேரும் அவன் வண்டியில கிளம்பி ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். (எந்த ஷோரூம்னு கேட்காதீங்க.) உள்ள போனதும், "ஆம்ப்ளிஃபயர் எங்கப்பா வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"ஆம்ப்ளிஃபயரா? அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறாங்க? எல்லாமே ஒரே பாக்ஸ்ல வந்துருச்சே."

சொல்லிட்டு, இடுப்பு உயரத்துக்கு நின்ன ஒரு டவரைக் காட்டினாரு. முன்னாடி சிவப்பு, நீலம், பச்சைன்னு லைட்டு ஓடுது. பையன் கண்ணு விரிஞ்சுபோச்சு.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க"ன்னேன்.

அவருக்குப் புரியல. இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல போல. திருப்பினாரு. பின்னாடி ஒரு பவர் கார்டு. ஒரு யு.எஸ்.பி. ஓட்டை. ஒரு மைக் ஓட்டை. முடிஞ்சது.

"வேற எதையாவது இதுல மாட்டணும்னா?"

"ப்ளூடூத் இருக்கே சார்!"

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்றாரு. ஆனா "எல்லாமே ஒரே பாக்ஸ்ல வந்துருச்சு"ன்னு ஏதோ நேத்து ராத்திரி கண்டுபிடிச்ச மாதிரி சொன்னாருல்ல, அதுதான் தாங்கல.

ஏன்னா ஒரே பாக்ஸ்தான் முதல்ல வந்துச்சு. நம்ம தாத்தா காலத்துலயே.

ரேடியோகிராம் பார்த்திருக்கீங்களா? வார்னிஷ் போட்ட மரப் பெட்டி, நாலு கால், கிட்டத்தட்ட டைனிங் ரூம் அலமாரி அளவு. மூடியைத் தூக்கினா உள்ள ரெக்கார்ட் பிளேயர். பக்கத்துல வால்வு ரேடியோ. கீழ ஸ்பீக்கர். காக்ஸ் டவுன் பழைய பங்களாக்கள்ல நிறைய இருந்துச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு ஆங்கிலோ இந்தியப் பாட்டி வீட்டுல பார்த்திருக்கேன். சுவிட்சைப் போட்டா உடனே பாடாது. வால்வு சூடாகணும், அதுவரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் ஜிம் ரீவ்ஸ் குரல் அப்படியே தேன் மாதிரி இறங்கும். அந்த மரப்பெட்டி குடுக்குற கதகதப்பு இன்னைக்கும் காதுல நிக்குது.

ஆனா அந்தப் பெட்டிக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. ரெக்கார்ட் பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கு. ஸ்பீக்கர் அதிருது, பெட்டி அதிருது, பெட்டி அதிர்ந்தா ஊசியும் அதிருது. ஊசி அந்த அதிர்வையும் பாட்டுன்னு நினைச்சு திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்புது. சத்தத்தைக் கூட்டினா "ஊஊஊ"ன்னு ஊளை. அதுபோக, ரெக்கார்ட் பிளேயரோட கார்ட்ரிட்ஜ் குடுக்குற சிக்னல் எவ்வளவு தெரியுமா? சாதாரண மேக்னட் கார்ட்ரிட்ஜ்ல 5 மில்லிவோல்ட்டுக்குள்ளதான். பின்னாடி வந்த சி.டி. பிளேயர் 2 வோல்ட் குடுக்குது. அந்தத் துளியூண்டு சிக்னலுக்குப் பக்கத்துலயே பவர் டிரான்ஸ்ஃபார்மரை வச்சா, "ம்ம்ம்"ன்னு 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே ஏறி வந்துரும்.

1956-ல ஜெர்மனியில பிரௌன் கம்பெனி எஸ்.கே. 4-ன்னு ஒரு ரேடியோகிராம் போட்டாங்க. டீட்டர் ராம்ஸும் ஹான்ஸ் குகெலோட்டும் வடிவமைச்சது. உலகத்துல இருக்குற டிசைன் மாணவர்களெல்லாம் இன்னைக்கும் படிக்கிற பெட்டி அது. அதுல மேல் மூடியைத் தகரத்துல வச்சுப் பார்த்தா சத்தத்துக்கு அது கடகடன்னு ஆடிச்சாம். அதனாலதான் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி போட்டாங்க. அவ்வளவு பெரிய மூளைக்காரங்களுக்கே ஒரே டப்பா தண்ணி காட்டியிருக்கு!

தனித்தனி சாமான், அதாவது பிளேயர் தனி, ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனின்னு பிரிஞ்சதுக்குக் காரணம் பணக்காரப் பகட்டுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. கிடையாது. இந்த ஊளையும் இரைச்சலும்தான் காரணம். அப்புறம் ஸ்டீரியோ ரெக்கார்ட் 1958 வாக்குல கடைக்கு வந்துச்சு. ஸ்டீரியோவுக்கு ரெண்டு ஸ்பீக்கரும் தள்ளித் தள்ளி இருக்கணும். மூணு அடிப் பெட்டிக்குள்ள அந்தக் கடைசியில ஒண்ணு இந்தக் கடைசியில ஒண்ணுன்னு வச்சா எப்படிப் பத்தும்?

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

லிங்கராஜபுரத்துல எங்க வீடு மாதிரி வீடுகளுக்கு ரேடியோகிராம் எட்டல. முதல்ல வந்தது டூ-இன்-ஒன். ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில. (கேசட்டை பிலிப்ஸ் 1963-ல பெர்லின் கண்காட்சியில காட்டினாங்க. நம்ம தெருவுக்கு வந்து சேரப் பல வருஷம் ஆச்சு.) யாராவது சவுதியிலேர்ந்தோ துபாய்லேர்ந்தோ லீவுக்கு வந்தா சூட்கேஸைவிட முதல்ல கண்ணுல படுறது நேஷனல் பேனசோனிக் டூ-இன்-ஒன் அட்டைப் பெட்டிதான். எங்க சித்தப்பாவும் ஒண்ணு கொண்டு வந்தாரு. அப்புறம் நம்ம ஊர்லயே பிலிப்ஸ் பவர்ஹவுஸ், பி.பி.எல்.-சான்யோன்னு வர ஆரம்பிச்சுச்சு. பி.பி.எல். 1963-ல பாலக்காட்டுல தொடங்கின கம்பெனி, பின்னாடி பெங்களூருதான் அதுக்குத் தலைமையிடம். அதனால எங்களுக்கெல்லாம் அது சொந்த ஊர்ச் சாமான்.

இந்த டூ-இன்-ஒன்னை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் போனா பெரிய பேட்டரி போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போகலாம். ஷார்ட் வேவ்ல இலங்கை வானொலி வரும். கிறிஸ்துமஸுக்கு வாசல்ல வச்சா தெருவே கேட்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பிடி வச்ச பெட்டிக்குள்ள இவ்வளவு சந்தோஷத்தைக் குடுத்த சாமான் வேற எதுன்னு யோசிச்சுப் பார்க்குறேன், கிடைக்க மாட்டேங்குது.

ஆனா பாட்டுன்னா என்னன்னு என் காது தெரிஞ்சுக்கிட்டது வேற இடத்துல.

ரெக்கார்டிங் சென்டர்!

இப்ப இருபது வயசுல இருக்குற பிள்ளைங்களுக்கு இது தெரியாது. கடைக்காரர்கிட்ட எல்.பி. ரெக்கார்டா சுவர் முழுக்க அடுக்கி இருக்கும். நாம ஒரு பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். 60 நிமிஷ கேசட்டா, 90-ஆன்னு கேட்பாரு. டி.டி.கே.வா, சோனியா, மேக்ஸெல்லான்னு கேட்பாரு. கேசட்டை நாலு நாள் கழிச்சு வாங்கிக்கணும். எங்களுக்கு சிவாஜி நகர் பக்கம் ஒருத்தரு இருந்தாரு. கல்லாப் பெட்டிக்குப் பின்னாடி அவரோட சாமான்கள் வரிசையா நிக்கும். டர்ன்டேபிள் தனி. ஆம்ப் தனி. டெக் தனி. மேல ரெண்டு மூலையில ரெண்டு பெரிய பாக்ஸ்.

அங்கதான் நான் முதல் தடவையா ஸ்டீரியோவை ஸ்டீரியோவாக் கேட்டேன். 1978-ல வந்த "ப்ரியா"தான் தமிழ்ல ஸ்டீரியோ ரெக்கார்டிங்கைத் தொடங்கி வச்ச படம்னு சொல்லுவாங்க. அந்தப் பாட்டுங்களை சித்தப்பாவோட டூ-இன்-ஒன்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்துச்சு. ஆனா கடையில கேட்டப்ப, அந்தப் பாட்டுக்குள்ள இத்தனை பேரு உட்கார்ந்து வாசிச்சிருக்காங்களான்னு இருந்துச்சு. அதே மாதிரிதான் இளையராஜாவோட "ஹவ் டு நேம் இட்" (1986), ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசிச்ச "நத்திங் பட் விண்ட்" (1988) ரெண்டும். வயலின் கூட்டம் எந்தப் பக்கம் இருக்கு, புல்லாங்குழல் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு கை நீட்டித் தொடலாம். அவங்க எழுதி வாசிச்சது அதைத்தான். நம்ம பெட்டி பாதியைக் காட்டாம வச்சிருந்துச்சு.

அப்படிப்பட்ட சாமானை வாங்க முடியுமா? 1991-க்கு முன்னாடி வெளிநாட்டு ஆம்ப்பைக் கடையில போயி வாங்குறது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நடக்காத காரியம். உள்ளூர்ல கொல்கத்தா சோனோடைன் இருந்துச்சு, மும்பை காஸ்மிக் இருந்துச்சு. நல்ல சாமான்தான், ஆனா அப்பா சம்பளத்துக்கு அதுவும் தூரம்.

அப்ப என்ன பண்ணுவோம்? அசெம்பிள்!

பெங்களூருக்கு இதுல ஒரு கொடுப்பினை இருந்துச்சு. ஐ.டி.ஐ., பி.இ.எல்., ஹெச்.ஏ.எல்.னு தொழிற்சாலைங்க. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிஞ்சவங்க தெருவுக்கு ரெண்டு பேரு. அப்பாவோட சிநேகிதர் ஒருத்தரு ஐ.டி.ஐ.-ல வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனா அவரு வீட்டு வராண்டாவே லேப். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற எஸ்.பி. ரோட்டுலேர்ந்து போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், தகரக் கேபினட் எல்லாம் வாங்கிட்டு வந்து எங்களுக்கு ஒரு ஆம்ப் கட்டிக் குடுத்தாரு. உள்ள இருந்தது எல்.ஏ. 4440. சான்யோ கம்பெனி ஐ.சி. தமிழ்நாட்டுலயும் கர்நாடகத்துலயும் இந்த நம்பரைத் தெரியாத ரேடியோ மெக்கானிக் இருக்க முடியாது. ரெண்டு சேனலுக்கும் ஆளுக்கு 6 வாட், பிரிட்ஜ் பண்ணினா 19 வாட். அவ்வளவுதான் அதோட பலம். எங்க ரூமுக்கு அதுவே அதிகம்.

ஸ்பீக்கர் பாக்ஸுக்குக் காசு தீர்ந்துபோச்சு. எட்டு இன்ச் ஊஃபரை வாங்கி மண்பானை வாய்ல கவுத்து வச்சோம்.

சிரிக்காதீங்க. அன்னைக்கு டீக்கடையிலேர்ந்து சலூன் வரைக்கும் பானைதான். பானைக்குள்ள இருக்குற காத்து ஒரு குறிப்பிட்ட சுருதியில சேர்ந்து அதிரும். அந்த சுருதி வர்றப்பல்லாம் "தும்"னு நெஞ்சுல அடிக்கும். சிக்கல் என்னன்னா, அந்த ஒரு சுருதிதான் அடிக்கும். தபலா, பேஸ் கிடார், மிருதங்கம் எல்லாமே பானை சத்தமாத்தான் கேட்கும். சின்னப் பானை, பெரிய பானை, உள்ள பழைய துணி போட்டு, பஞ்சு போட்டுன்னு எல்லாம் பண்ணிப் பார்த்தோம். துணி போட்டா கொஞ்சம் அடங்கும். கடைசியில ஒரு ஆசாரிகிட்ட பிளைவுட்ல பாக்ஸ் அடிச்சு, சின்னதா ஒரு ட்வீட்டரும் சேர்த்தோம். அன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கப் போகல. அம்மா ரெண்டு தடவை வந்து சத்தம் போட்டாங்க, மூணாவது தடவை வந்து உட்கார்ந்துக்கிட்டாங்க.

இப்ப அடுத்த கட்டம். 1991-க்கு அப்புறம் வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவு திறந்துச்சு. 1991-தான் "தளபதி" கேசட்டை நம்ம பெங்களூரு லஹரி கம்பெனி வெளியிட்ட வருஷம். அடுத்த வருஷம் "ரோஜா". "காதலன்" 1994. ரஹ்மானோட பேஸ் வந்ததும் ஊர்ல எல்லாருக்கும் பழைய டூ-இன்-ஒன் பத்தாமப் போச்சு. சோனி, அய்வான்னு மினி சிஸ்டம் வந்து இறங்குச்சு. மூணு சி.டி. போடலாம், ரெண்டு கேசட் போடலாம், மெகா பேஸ் பட்டன், ஈக்வலைசர் லைட்டு மேலயும் கீழயும் குதிக்கும். பார்க்குறதுக்குத் தனித்தனி சாமானை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரியே இருக்கும். ஆனா உள்ள பெரும்பாலும் ஒரே சேசிஸ், ஒரே பவர் சப்ளை.

இந்தக் காலத்துலதான் அந்த நாலு எழுத்து வந்துச்சு. பி.எம்.பி.ஓ.!

2000 வாட் பி.எம்.பி.ஓ.! 3000 வாட் பி.எம்.பி.ஓ.! அட்டைப் பெட்டி மேல ஒரு ஜானுக்கு எழுதியிருக்கும். இந்த அளவுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட வரையறைன்னு எதுவுமே கிடையாது. கெப்பாசிட்டர்ல சேர்ந்திருக்குற மின்சாரம் கண் சிமிட்டுறதுக்குள்ள ஒரு துணுக்கு நேரம் பாயும் பாருங்க, அதைப் பெரிசாக் கணக்குப் போட்டு, எல்லா ஸ்பீக்கரையும் கூட்டி, கம்பெனி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கிறது. உண்மை வேணுமா? டப்பாவைத் திருப்புங்க. பின்னாடி லேபிள்ல "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்"னு போட்டு அதுக்குப் பக்கத்துல எவ்வளவு வாட் இழுக்கும்னு போட்டிருக்கும். 80 வாட் இழுக்குற பெட்டி எங்கேர்ந்து விடாம 2000 வாட் குடுக்கும்? கரண்ட் பில் கட்டுற எந்த வீட்டு அம்மாவும் இதுக்குப் பதில் சொல்லிருவாங்க.

எதிர்ப்பக்கம் ஒரு கதை சொல்றேன். 1978-ல வந்த என்.ஏ.டி. 3020-ன்னு ஒரு ஆம்ப். பார்க்க சோப்பு டப்பா மாதிரி சாம்பல் கலர்ல, ஒரு அலங்காரமும் இல்லாம இருக்கும். சேனலுக்கு 20 வாட். உலகத்துல ரொம்ப அதிகமா வித்துப்போன ஹை-ஃபை ஆம்ப்புகள்ல அது ஒண்ணு. அந்த 20 வாட், உண்மையான 20 வாட். வாட் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா வாட் பத்து மடங்கு ஆகணும். அதனால 40 வாட்டா 50 வாட்டான்னு சண்டை போடுறது வேஸ்ட். ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி எவ்வளவுன்னு கேளுங்க. 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு, 86 டெசிபல் ஸ்பீக்கருக்குத் தேவைப்படுறதுல பாதி வாட் போதும்.

எங்க வீட்டுலயும் ஒரு மினி சிஸ்டம் வந்துச்சு. (பிராண்ட் சொல்ல மாட்டேன்.) ரொம்ப ஆசையா வச்சிருந்தோம். முதல்ல கேசட் பெல்ட் இளகி மெழுகு மாதிரி ஒட்டிக்கிச்சு. ரப்பர் பெல்ட்டுன்னா எந்த டெக்கா இருந்தாலும் ஒரு நாள் அப்படித்தான் ஆகும். அதை மாத்தலாம்னா, மேல இருக்குற சி.டி. தட்டு, நடுவுல இருக்குற டியூனர் போர்டு, ரிப்பன் கேபிள் எல்லாத்தையும் கழட்டினாத்தான் பெல்ட்டே கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக் கழட்டிப் பார்த்துட்டு அப்படியே மூடிட்டாரு. அப்புறம் சி.டி. லென்ஸ் போச்சு. பரவாயில்ல, ரேடியோவாவது பாடட்டும்னு விட்டோம். கடைசியில முன்னாடி இருக்குற பட்டன் போர்டு போச்சு. ஸ்பீக்கர் நல்லா இருக்கு. ஆம்ப் நல்லா இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கு. ஆனா ஆன் பண்ண முடியாது. அவ்வளவு பெரிய சாமான் ஒரு பட்டன் போர்டுக்காக பரணுக்குப் போச்சு.

அதே நேரம் வராண்டாவுல கட்டின 4440 ஆம்ப் என்ன ஆச்சு?

வால்யூம் கன்ட்ரோல் கரகரன்னுச்சு. புதுசு போட்டோம். கெப்பாசிட்டர் வத்திப்போயி ஹம் வந்துச்சு. மாத்தினோம். ஒரு தடவை ஐ.சி.யே போச்சு, அதையும் எஸ்.பி. ரோட்டுல வாங்கி மாத்தினோம். பத்து வயசுப் பையன் கூட எந்த வயர் எங்க போகுதுன்னு பார்த்துச் சொல்லிரலாம்.

அதைவிட முக்கியம், அதோட பின்பக்கம். ரெண்டு ரெண்டா மூணு ஜோடி ஆர்.சி.ஏ. ஓட்டை. ஒண்ணுல டேப், ஒண்ணுல பிளேயர், ஒண்ணுல "ஆக்ஸ்". அந்த "ஆக்ஸ்" ஓட்டை என்னவெல்லாம் பார்த்துச்சு தெரியுமா? முதல்ல டூ-இன்-ஒன் ஹெட்போன் ஓட்டையிலேர்ந்து வயர் வந்து மாட்டுச்சு. அப்புறம் சி.டி. பிளேயர். 2001-ல இந்தியாவோட முதல் தனியார் எஃப்.எம். நம்ம பெங்களூர்லதான் ஆரம்பிச்சுச்சு, ரேடியோ சிட்டி. உடனே ஒரு குட்டி எஃப்.எம். செட் வாங்கி அதே ஓட்டையில மாட்டினோம். அப்புறம் கம்ப்யூட்டர், எம்.பி.3. அப்புறம் போன். இப்ப தீப்பெட்டி அளவு ப்ளூடூத் ரிசீவர். கேசட் போச்சு, சி.டி. போச்சு, எம்.பி.3 பிளேயர் போச்சு. ஓட்டை அங்கயே இருக்கு.

இதுக்குத்தான் நான் அந்த ஷோரூம்ல டவரைத் திருப்பச் சொன்னேன். நாளைக்கு என்ன வரும்னு நமக்குத் தெரியாது. எது வந்தாலும் மாட்ட ஒரு ஓட்டை இருக்கணும்.

"வயர்லெஸ் காலத்துல ஓட்டை எதுக்கு?"ன்னு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன்.

பழைய பெட்டியில பெல்ட் போகும், லென்ஸ் போகும். புதுப் பெட்டியில சாஃப்ட்வேர் போகும். சோனோஸ்னு ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, வயர்லெஸ் ஸ்பீக்கருக்கு ரொம்பப் பேர் போனவங்க. 2020 ஜனவரியில, பழைய மாடல்களுக்கு அந்த மே மாசத்தோட சாஃப்ட்வேர் அப்டேட் நின்னுரும்னு அறிவிச்சாங்க. நல்லாப் பாடிக்கிட்டு இருந்த ஸ்பீக்கருங்க! உலகம் முழுக்க வாடிக்கையாளருங்க கொந்தளிச்சாங்க, கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டாரு. திரும்ப 2024 மே-ல புது ஆப் ஒண்ணு விட்டு, அதுல பழைய வசதியெல்லாம் காணாமப் போயி, பெரிய ரகளை. 2025 ஜனவரியில தலைவரே பதவியிலேர்ந்து போனாரு. இத்தனைக்கும் ஸ்பீக்கர் கோனுக்கோ ஆம்ப்புக்கோ ஒண்ணும் ஆகல.

கூகுளோட குரோம்காஸ்ட் ஆடியோன்னு ஒரு சின்ன வட்டு இருந்துச்சு. 2015-ல வந்துச்சு, 2019-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அதை நிறுத்தினதால என் ஆம்ப்புக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அந்த வட்டோட வேலையைப் பார்க்க அதே "ஆக்ஸ்"ல இன்னொண்ணு வந்து உட்காரும். அதே மூளையை ஸ்பீக்கருக்குள்ளயே புதைச்சு வச்சிருந்தா? மூளை செத்த அன்னைக்கு ஸ்பீக்கரும் சேர்ந்து போகும்.

நியாயமாப் பேசணும்னா, ஒரே டப்பா பக்கமும் நல்லது இருக்கு.

நம்ம லிங்கராஜபுரம் வீடுங்க எப்படி? பத்துக்குப் பன்னெண்டு ரூம். பக்கத்து வீட்டுச் சுவர்தான் நம்ம சுவர். அவங்க குக்கர் விசில் நமக்குக் கேட்குது, நம்ம பாட்டு அவங்களுக்குக் கேட்காதா? இந்த ரூமுக்குத் தரையில நிக்கிற பெரிய பாக்ஸ், தனி பிரீ-ஆம்ப், தனி பவர் ஆம்ப்புன்னு வாங்கி அடுக்குறது அர்த்தமே இல்ல. மூலையில பேஸ் குவிஞ்சு எல்லாப் பாட்டும் குளறும். நல்லாக் கட்டின ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர், அதாவது ஆம்ப்பை உள்ளயே வச்ச ஸ்பீக்கர், ரொம்பப் பொருத்தம். அந்த ஆம்ப், அந்த ஊஃபருக்குன்னே, அந்த ட்வீட்டருக்குன்னே அளந்து செஞ்சது. இது அந்தக் காலத்து ரேடியோகிராமோட கோளாறையும் தீர்த்துருச்சு. ஊசி இல்லாததால ஊளை கிடையாது. ரெண்டு பெட்டியா இருக்கிறதால ஸ்டீரியோ விரிஞ்சு வரும். கொல்கத்தா சோனோடைன் இப்ப ஸ்டுடியோவுக்கே இந்த மாதிரி ஸ்பீக்கர் செய்யுறாங்கன்னு கேட்டா, பெருமையா இருக்கு.

வயசானவங்க இருக்குற வீட்டுக்கும் ஒரே டப்பாதான் சரி. எங்க அம்மாவுக்கு மூணு ரிமோட் குடுத்தா அவங்க பாட்டே கேட்க மாட்டாங்க. ஒரு சுவிட்ச், ஒரு குமிழ். அவ்வளவு போதும்.

ஆனா டவர்? வரிசையா ரெண்டு ஊஃபர், ஒரே தூண், லைட்டு? அது பார்ட்டிக்கு. வீட்டுல உட்கார்ந்து சுசீலாம்மா குரலைக் கேட்கறதுக்கு இல்ல. இதுல எனக்குச் சமரசம் கிடையாது.

பையனுக்கு என்ன வாங்கினோம்னு கேட்பீங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டை மாத்துறாரு, அவர்கிட்டேர்ந்து ஒரு பழைய இன்டக்ரேட்டட் ஆம்ப். புதுசா ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர். குட்டி ப்ளூடூத் ரிசீவர் ஒண்ணு, ஸ்பீக்கர் வயர் கொஞ்சம். எல்லாம் சேர்த்தும் அந்த டவர் விலையை எட்டல. மொத்தக் காசுல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்கே போச்சு, வேணும்னுதான் அப்படிப் பண்ணினேன். கடைசியில காதுக்கு வர்ற சத்தத்தை அதிகமா மாத்துறது ஸ்பீக்கரும் ரூமும்தான். வயருக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணச் சொல்றவங்க யாரையும் நம்பாதீங்க. சாதாரணத் தாமிர வயர், கொஞ்சம் தடிமனா இருந்தா போதும்.

அப்புறம் அவன் பண்ணினதைப் பார்த்து எனக்கு மறுபடி கடுப்பு! ரெண்டு ஸ்பீக்கரையும் தூக்கி ஷோகேஸ் மேல, உத்தரத்தைத் தொடுற மாதிரி வச்சிட்டான். நம்ம வீடுங்கள்ல ஸ்பீக்கர்னா விநாயகர் படத்துக்குப் பக்கத்துல உசரத்துலதான் இருக்கணும்னு ஒரு விதி இருக்கு. யாரு போட்ட விதியோ.

இறக்கினோம். உட்கார்ந்தா காது எந்த உயரமோ அந்த உயரத்துக்கு ஸ்டூல். ரெண்டுக்கும் நடுவுல ஆறு அடி. நாம உட்கார்ற இடமும் ஒவ்வொண்ணுலேர்ந்தும் கிட்டத்தட்ட அதே ஆறு அடி. பின்சுவர்லேர்ந்து ஒரு முழம் முன்னாடி இழுத்து வச்சோம். சுவரை ஒட்டி வச்சா பேஸ் வீங்கும், ரொம்பத் தள்ளினா மெலியும், இழுத்து இழுத்துத்தான் பார்க்கணும். பத்து பைசா செலவில்லாத இந்த ஒரு வேலை, அடுத்த மாடல் ஆம்ப் வாங்குறதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும்.

"நத்திங் பட் விண்ட்" போட்டேன். பையன் போனை எடுக்கவே இல்ல. பாதியில, "மாமா, இதைத்தான் நான் இயர்போன்ல கேட்டுக்கிட்டு இருந்தேனா?"ன்னான். பதிலே சொல்லல நான். சந்தோஷத்துல சொல்ல வரல.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்.

என்ன வேணா வாங்குங்க. ஒரே டப்பா வாங்குறதா இருந்தாலும் சரி. வாங்குறதுக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க. "ஆக்ஸ்"னோ "லைன் இன்"னோ ஒரு ஓட்டை இருக்கா? ஸ்பீக்கர் வயரைக் கழட்டி வேற ஸ்பீக்கர் மாட்ட முடியுமா? லேபிள்ல எத்தனை வாட் இழுக்குதுன்னு போட்டிருக்கு? ஆப் இல்லாம, இன்டர்நெட் இல்லாம அது பாடுமா? இந்த நாலையும் கேளுங்க. கடைக்காரர் முழிச்சா முழிக்கட்டும்.

பரண்ல பழைய ஆம்ப் கிடந்தா தயவு செஞ்சு எடைக்குப் போடாதீங்க. மினி சிஸ்டம் செத்துப்போயிருந்தாலும் அதோட ஸ்பீக்கரைக் கழட்டி வச்சுக்கோங்க. பத்துப் பதினஞ்சு வருஷம் சும்மா கிடந்த ஆம்ப்பை நேரா பிளக்ல சொருகாதீங்க, உள்ள கெப்பாசிட்டர் வத்தியிருக்கும், தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் பார்த்துட்டு கரண்ட் குடுக்கட்டும். சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. நமக்கு எஸ்.பி. ரோடு. லிங்கராஜபுரத்துலேர்ந்து சிவாஜி நகர் போயி அங்கேர்ந்து டவுன் ஹால் பக்கம் இறங்கினா நடந்துரலாம். போறதுக்கு முன்னாடி ஆம்ப்பைத் திறந்து ஐ.சி. நம்பரையும் கெப்பாசிட்டர் மேல இருக்குற வோல்ட், மைக்ரோஃபாரட் ரெண்டையும் போட்டோ எடுத்துக்கோங்க. எஸ்.டி.கே. ஐ.சி.யா இருந்தா டூப்ளிகேட் நிறைய சுத்துது, தெரிஞ்ச கடையில மட்டும் வாங்குங்க.

ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க. அன்னைக்கு முக்கால்வாசிக் கடை பூட்டியிருக்கும்.